குந்தேராவா, ஹாவெலா? 1968 டிசம்பர் விவாதத்தில் யார் பக்கம் நியாயம்?

கரிசல்வாசகன்

செக் இலக்கியம் படிப்பவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. நான்கு மாதம் கழித்து, டிசம்பரில், செக் நாவலாசிரியர் மிலன் குந்தேரா 'லிஸ்தி' வார இதழில் 'செக் விதி' என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்நியப் படை அப்போதும் நாட்டில்தான் இருந்தது. ஆனாலும் கட்டுரையில் புலம்பல் கிடையாது. ஆகஸ்டில் மக்கள் காட்டிய நிதானத்தையும் ஒற்றுமையையும் பார்த்து அவர் பெருமைப்படுகிறார். பிராக் வசந்தத்தைவிட, அதாவது அந்த வருஷம் படைகள் வரும்வரை நடந்த சீர்திருத்த முயற்சியைவிட, அதற்குப் பின் வந்த இலையுதிர் காலம்தான் பெரிதாகக்கூட இருக்கலாம் என்கிறார். ரகசியப் போலீஸின் பிடி இல்லாத, பேச்சுரிமை உள்ள ஒரு சோஷலிசத்தைக் கட்ட முயன்றதால் செக்குகளும் ஸ்லோவாக்குகளும் உலக வரலாற்றின் நடுவில் வந்து நின்றார்கள், அந்த முயற்சி இன்னும் தோற்றுவிடவில்லை என்பது அவருடைய வாதம்.

1969 பிப்ரவரியில் 'த்வார்ஷ்' இதழில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் பதில் எழுதினார். அதே தலைப்புதான், பின்னால் ஒரு கேள்விக்குறி மட்டும் கூடுதல். அவர் சொன்னதன் சாரம் இது: பேச்சுரிமையும் சட்டத்தின் ஆட்சியும் நாகரிக உலகின் பெரும்பகுதியில் சாதாரண விஷயங்கள். இருபது வருஷமாக நம்மிடம் இல்லாததைத் திரும்பக் கொண்டுவர முயன்றதை உலக வரலாற்றுச் சாதனை என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஆகஸ்டின் வீரத்தைத் திரும்பிப் பார்த்துப் பூரிப்பது சுலபம். இன்று, இந்த வாரம், கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பறிபோகிறதே, அதைத் தடுக்க என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 'விதி' என்று சொன்ன உடனே பொறுப்பு நம் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது.

குந்தேரா சும்மா விடவில்லை. 'ஹோஸ்ட் தோ தோமு' இதழில் மறுப்பு எழுதினார். ஹாவெலின் நிலைப்பாடு ஒழுக்கத்தை மேடை போட்டுக் காட்டுவது என்பது அதில் இருந்த கடுமையான குற்றச்சாட்டு.

என் பார்வையில் ஹாவெல் சொன்னதுதான் சரி. ஏப்ரல் 1969இல், சீர்திருத்தத்தை நடத்திய கட்சித் தலைவர் துப்செக்கை இறக்கிவிட்டு ஹுசாக் கட்சித் தலைமைக்கு வந்தார். அடுத்த மாதம் 'லிஸ்தி'யே நிறுத்தப்பட்டது. இன்னும் தோற்கவில்லை என்று குந்தேரா எழுதியதற்கும் இதற்கும் இடையில் அரை வருஷம்கூட இல்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெய்தல்

கரிசல், பிறகு என்ன நடந்தது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் எந்த விவாதமும் நமக்குச் சுலபமாகிவிடும். குந்தேரா எங்கிருந்து பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டுரைக்கு ஒன்றரை வருஷம் முன்னால், 1967 ஜூன் கடைசியில், செக்கோஸ்லோவாக்கிய எழுத்தாளர் சங்கத்தின் நான்காவது மாநாடு பிராக்கில் நடந்தது. அதில் முதலில் பேசியவர் குந்தேரா. பெரிய தேசங்களுக்குத் தாங்கள் ஏன் இருக்கிறோம் என்ற கேள்வியே எழுவதில்லை, செக்குகளுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் ஓயவில்லை என்றுதான் ஆரம்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படித்த செக்குகள் ஜெர்மனில் எழுதுவதே வழக்கமாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் யாரும் பட்டினி கிடந்திருக்கப் போவதில்லை. அதை மாற்றி, கிட்டத்தட்ட கிராமத்துப் பேச்சாகச் சுருங்கிவிட்ட செக் மொழியை மீட்டு, அதில் ஒரு முழு இலக்கியத்தை உருவாக்கினார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த வாழ்வுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் பண்பாடு தடையில்லாமல் வளர வேண்டும், தணிக்கை அதை அறுக்கிறது. பேச்சின் தர்க்கம் இதுதான். இது வெறும் தேசப் பெருமைப் பேச்சு இல்லை. தணிக்கைக்கு எதிராக ஒரு கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், கட்சியின் சித்தாந்தச் செயலர் இருந்த மாநாட்டிலேயே வைத்த வாதம். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, வேரா ஹிதிலோவாவின் 'டெய்சிஸ்' போன்ற படங்களை நிறுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தச் சூழலில் வந்த பேச்சு இது.

1968 டிசம்பரில் அவர் எழுதியது இந்தப் பேச்சின் தொடர்ச்சி. தோற்றுக்கொண்டிருக்கும் மக்களிடம் நீங்கள் செய்தது வீண் இல்லை என்று ஒருவர் சொன்னாக வேண்டும்.

தறி

இரண்டு பேரும் நன்றாக விளக்குகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். ஒரு எழுத்தாளர் மாநாட்டில் நாலு பேர் பேசியதற்கு ஒரு அரசு ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்? நம் ஊர் இலக்கியக் கூட்டத்தில் என்ன பேசினாலும் மறுநாள் மாவட்ட ஆட்சியருக்குக்கூடத் தெரியாது.

நெய்தல்

நல்ல கேள்வி, தறி. அங்கே எதிர்க்கட்சி இல்லை, சுதந்திரமான நாளிதழ் இல்லை, நாடாளுமன்றம் கையைத் தூக்குவதற்கு மட்டும். அரசியலாகப் பேச வேண்டியதெல்லாம் இலக்கியத்தின் வழியாகத்தான் பேசப்பட்டது. எழுத்தாளர் சங்கத்தின் வார இதழான 'லிதரார்னி நோவினி'க்கு வாசகர்கள் பெருந்திரளாக இருந்தார்கள். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1.4 கோடிதான்.

அந்த மாநாட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது செக் வரலாற்றின் மிக உயர்ந்த பொது மேடைகளில் ஒன்று. சோவியத் எழுத்தாளர் மாநாட்டுக்கு ரஷ்ய நாவலாசிரியர் சோல்ஜெனித்சின் தணிக்கையைக் கண்டித்து எழுதிய கடிதம் அவருடைய சொந்த நாட்டில் வெளிவர முடியாமல் இருந்தது. அதைப் பவெல் கொஹௌட் பிராக் மேடையில் வாசித்தார். கட்சியின் சித்தாந்தச் செயலர் யிர்ஷி ஹென்ட்ரிக் கோபத்தில் எழுந்து வெளியே போனார்.

அப்புறம் லுத்விக் வாட்சுலிக் பேசினார். என் வாசிப்பில் குந்தேராவின் உரையைவிட இதுதான் துணிச்சலானது. பண்பாடு, மரபு என்றெல்லாம் அவர் சுற்றவில்லை. நேராக அதிகாரத்தைப் பற்றிப் பேசினார். அதிகாரம் தன்னைப் போன்றவர்களையே தேர்ந்தெடுத்துத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்கிறது, குடிமகன் என்பவன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறான், கடந்த இருபது வருஷத்தில் வீட்டு வசதி முதற்கொண்டு மனிதர்களின் எந்த அடிப்படைப் பிரச்சினையும் தீரவில்லை என்றார். அவரும் கட்சி உறுப்பினர்தான்.

விலை கொடுத்தார்கள். வாட்சுலிக், இவான் கிளிமா, அ. யா. லீம் மூவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 'லிதரார்னி நோவினி'யைச் சங்கத்திடமிருந்து பிடுங்கிப் பண்பாட்டு அமைச்சகத்தின் கையில் கொடுத்தார்கள். அரை வருஷத்தில் காட்சி மாறியது. 1968 ஜனவரியில் துப்செக் கட்சித் தலைமைக்கு வந்தார், சங்கத்துக்கு 'லிதரார்னி லிஸ்தி' என்ற பெயரில் இதழ் திரும்பக் கிடைத்தது. ஜூன் 27 அன்று அதிலும் சில நாளிதழ்களிலும் வாட்சுலிக் எழுதிய 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கை வந்தது. மேலிருந்து சீர்திருத்தம் வரட்டும் என்று காத்திருக்காமல் உங்கள் ஊரில், உங்கள் தொழிற்சாலையில் நீங்களே இறங்குங்கள் என்று மக்களைக் கேட்டது அது. மாஸ்கோ அதை எதிர்ப்புரட்சி என்று படித்தது. ஒரு எழுத்தாளர் மாநாட்டுக்கு அரசு ஏன் பயந்தது என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

பழஞ்சுவடி

இழை நல்ல திசையில் போகிறது. ஆனால் இரண்டு பேரும் 1960களிலேயே நின்றுவிட்டீர்கள். சிறு தேசம் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வியைக் குந்தேரா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1886 டிசம்பரில் 'சாஸ்' என்ற இதழின் முதல் எண்ணிலேயே ஹூபர்ட் கோர்டன் ஷௌவர் என்ற இளைஞர் அதைக் கேட்டுவிட்டார். ஒரு பெரிய பண்பாட்டோடு இணைந்துகொண்டிருந்தால் இதைவிட அதிகம் சாதித்திருக்க மாட்டோமா, இவ்வளவு உழைப்புக்கு நம் தேசிய வாழ்வு தகுதியானதுதானா என்று கேட்டார். ஊரே கொந்தளித்தது. மாநாட்டு உரையில் குந்தேரா ஷௌவரின் பெயரைச் சொல்லியே பேசுகிறார்.

அதே 1886இல் இன்னொரு சண்டையும் நடந்தது. எனக்கு அதுதான் செக் பொது விவாதங்களின் தாய். 1817இல் வாட்ஸ்லாவ் ஹன்கா ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் பழைய சுவடி கிடைத்ததாக அறிவித்தார். அடுத்து இன்னொன்றும் வெளிப்பட்டது. வீரகாவியங்கள், பழைய பாடல்கள், இளவரசி லிபுஷேயின் தீர்ப்பு எல்லாம் அவற்றில் இருந்தன. ஜெர்மானியர்களுக்கு இருப்பது போல எங்களுக்கும் தொன்மையான காவியம் உண்டு என்று ஒரு தலைமுறையே நிமிர்ந்து நடந்தது. வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி நம்பினார். ஓவியர்களும் சிற்பிகளும் அதிலிருந்து காட்சிகள் எடுத்தார்கள்.

யான் கெபௌவர் என்ற மொழியறிஞர், இந்தச் சுவடிகளின் இலக்கணம் உண்மையான பழஞ்செக் மொழியோடு ஒத்துப்போகவில்லை என்று மெய்யியல் பேராசிரியர் தாமஸ் மசாரிக் நடத்திய 'அதெனேயும்' இதழில் எழுதினார். மசாரிக் தானும் களத்தில் இறங்கினார். போலியின்மேல் தேசப் பெருமையைக் கட்டக் கூடாது என்பதுதான் அவர் வாதம். இருவரையும் துரோகிகள் என்று பத்திரிகைகள் தூற்றின. சுவடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலிகள் என்பதே இன்று அறிஞர்களின் முடிவு.

மசாரிக் அதோடு நிற்கவில்லை. 1899இல் போல்னா ஊரில் ஒரு பெண் கொலையானபோது, யூதச் சடங்குக் கொலை என்ற பழைய பொய்யைக் கிளப்பி லியோபோல்ட் ஹில்ஸ்னர் என்பவருக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். மசாரிக் அந்த மூடநம்பிக்கையை எதிர்த்து எழுதினார். அவருடைய மாணவர்களே வகுப்பறையில் கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. அப்படி வெறுக்கப்பட்ட மனிதரைத்தான் 1918இல் அதே மக்கள் முதல் குடியரசுத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஹாவெல் நிற்கும் இடம் மசாரிக் நின்ற இடம். தன் மக்களுக்குப் பிடித்த ஒரு கற்பனையை, அவர்கள் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில்கூட, ஏற்றுக்கொள்ள மறுப்பது. என் ஓட்டு அவருக்கு.

நெய்தல்

பழஞ்சுவடி ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் ஒப்பீட்டை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஹன்காவின் சுவடி பொய். 1968 ஆகஸ்டில் மக்கள் ஆயுதம் இல்லாமல் டாங்கிகளை மறித்துப் படைவீரர்களோடு வாதாடியது உண்மை. தெருப்பெயர்ப் பலகைகளைக் கழற்றிப் படைகளை அலைக்கழித்தது உண்மை. நடந்ததைப் பெரிதாக மதிப்பதும் நடக்காததைப் புனைவதும் ஒன்றாகிவிடுமா?

இரண்டாம் கரை

இத்தனை பதிவுகளில் ஸ்லோவாக்குகளைப் பற்றி யாருமே பேசவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டுரையின் தலைப்பே 'செக்' விதி. ஹாவெலும் அதே தலைப்பைத்தான் எடுத்துக்கொள்கிறார். துப்செக் ஸ்லோவாக்கியர். அவரை இறக்கிவிட்டு வந்த ஹுசாக்கும் ஸ்லோவாக்கியர்.

ஸ்லோவாக்கியாவில் 1968இன் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று கூட்டாட்சி. பிராக்கிலிருந்து எல்லாம் தீர்மானிக்கப்படுவது மாற வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் 1968 அக்டோபரில் நிறைவேறி 1969 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிராக் வசந்தத்தின் பெரிய சீர்திருத்தங்களில் பெயரளவிலாவது தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். குந்தேராவின் கட்டுரைக்கும் ஹாவெலின் பதிலுக்கும் இடையில் நாட்டின் அமைப்பே மாறியிருக்கிறது, விவாதம் பிராக்கின் பார்வையில்தான் ஓடுகிறது. 1993 ஜனவரியில் நாடு இரண்டாகப் பிரிந்ததைப் பற்றிப் பேசும்போது பலர் ஆச்சரியப்படுகிறார்கள். இந்தக் கட்டுரைகளைப் படித்தவர்கள் அவ்வளவு ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கரிசல்வாசகன்

இரண்டாம் கரை சொன்னது மிக முக்கியமானது. இந்தக் கோணத்தை எழுதியதற்கு நன்றி.

நெய்தல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்ட் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஹாவெலும் அதை மறுக்கவில்லை. பிப்ரவரியில் உட்கார்ந்து ஆகஸ்டை மட்டுமே பேசினால், ஜனவரியில் நடந்ததற்கு என்ன பதில் என்பதுதான் என் கவலை. இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில், 1969 ஜனவரி 16 அன்று, யான் பாலாச் என்ற இருபது வயது மாணவர் பிராக்கின் வாட்ஸ்லாவ் சதுக்கத்தில் தன்னையே தீயிட்டுக்கொண்டார். மூன்று நாளில் இறந்தார். அவர் எழுதி வைத்த கோரிக்கைகளில் முதலாவது, தணிக்கையை உடனே நீக்க வேண்டும் என்பது. மக்கள் சோர்ந்து விட்டுக்கொடுக்கிறார்களே என்ற தவிப்பு அந்த இளைஞரைக் கொன்றது. அந்த மாதத்தில் பெருமையைவிடப் பொறுப்புதான் முதலில் வர வேண்டியிருந்தது.

ஒழுக்கத்தைக் காட்சிக்கு வைக்கிறார் என்று குந்தேரா சொன்னதும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கருத்து அவரிடம் நீண்ட நாள் தங்கியிருக்கிறது. 1972இல் அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரி எழுத்தாளர்கள் சிலர் ஒரு மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். குந்தேராவின் 'தாங்க முடியாத மெல்லிய இருப்பு' நாவலில் நாயகன் தோமாஸிடம் இதே போன்ற ஒரு மனு வருகிறது, அவன் கையெழுத்துப் போட மறுக்கிறான். அந்த மனுவால் கைதிகளுக்கு எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணமே அந்தக் காட்சியில் மேலோங்கி நிற்கிறது. 1980களின் நடுவில் கொடுத்த நீண்ட நேர்காணலில் ஹாவெல் இதற்குப் பதில் சொல்கிறார். வெளியே வந்த கைதிகள் அந்த மனு தங்களுக்கு எவ்வளவு பலமாக இருந்தது என்று சொன்னார்கள், வளைந்துபோன முதுகெலும்புகள் நிமிரத் தொடங்கியது அங்கேதான் என்கிறார். சிறையில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் சொல்வதால் அந்தப் பதிலுக்குத் தனி எடை இருக்கிறது.

நெய்தல்

அந்த இடத்தில் ஹாவெல் பக்கம்தான் நானும். மனுவுக்குப் பயன் உண்டு.

ஆனால் இரண்டு பேரின் வாழ்க்கையையும் கொஞ்சம் பாருங்கள். குந்தேரா 1948இல் நம்பிக்கையோடு கட்சியில் சேர்ந்தவர். 1950இல் நீக்கப்பட்டு, 1956இல் திரும்ப வந்து, 1970இல் மறுபடி நீக்கப்பட்டார். சோஷலிசத்தை உள்ளிருந்து சரிசெய்ய முடியும் என்பது அவர் இளமையின் பந்தயம். ஹாவெல் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதாலேயே அவர் விரும்பிய பல்கலைக்கழகப் படிப்பு மறுக்கப்பட்டது. அவர் ஒருநாளும் அந்தப் பந்தயத்தில் இறங்கியதில்லை. அதனால் 1968 குந்தேராவுக்கு ஒரு வாழ்நாள் நம்பிக்கையின் உச்சம், ஹாவெலுக்கு இயல்பு நிலையை நோக்கிய ஒரு அடி. இதைக் கணக்கில் எடுக்காமல் ஒருவருக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

பழஞ்சுவடி

ஒத்துக்கொள்கிறேன். தறி கேட்ட கேள்விக்கும் இன்னொரு பதில் இருக்கிறது. பொது மேடைகளை மூடிய பிறகும் அங்கே பேச்சு நிற்கவில்லை. 1970களில் அது வீடுகளுக்குள் போனது. மெய்யியலாளர் யான் பதோச்கா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு வீட்டுக் கூடங்களில் வகுப்பு எடுத்தார். மனித உரிமை கேட்டு எழுந்த 'சாசனம் 77' இயக்கத்தின் முதல் மூன்று பேச்சாளர்களில் ஒருவராகி, நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் உடல்நிலை கெட்டு 1977 மார்ச்சில் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கின்போது மேலே ஹெலிகாப்டரைச் சுற்றவிட்டுப் பேச்சைக் கேட்கவிடாமல் செய்தார்கள். ஒரு மெய்யியல் ஆசிரியரின் பிணத்தைப் பார்த்தும் பயந்த அரசு அது.

அந்த வீட்டு வகுப்புகளில் பேச ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1981 டிசம்பர் கடைசியில் அப்படி வந்த பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் தெரிதாவின் பெட்டியில் போதைப்பொருள் கிடைத்ததாகப் பொய் வழக்குப் போட்டு உள்ளே வைத்தார்கள். பிரெஞ்சு அரசு தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். வாட்சுலிக் தொடங்கிய 'பெட்லிட்ஸே' வரிசையில் தடைசெய்யப்பட்ட நூல்கள் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சில் பெருகின. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள், அவ்வளவுதான். தட்டச்சு செய்தவர்களில் பலர் பெண்கள், அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அட்டையில் இல்லை. கட்டுரையாளர்களைப் புகழும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

ஒரு சின்ன இடைச்செருகல். நமக்கெல்லாம் தெரிந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் பிராக்கின் கீழைத்தேய நிறுவனத்தில் இருந்தவர். அவரும் 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நாம் பேசும் ஆகஸ்ட் தமிழாய்வையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

தறி

சுவெலபில் பற்றி இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை, ஐயா. கடைசியாக ஒன்று. 1989க்குப் பிறகு எல்லாம் திறந்துவிட்டதே. அதற்கப்புறமும் இதே தரத்தில் விவாதம் நடந்ததா?

இரண்டாம் கரை

நடந்தது, தறி. 1990களின் நடுவில் குடியரசுத் தலைவர் ஹாவெலும் பிரதமர் வாட்ஸ்லாவ் கிளௌஸும் குடிமைச் சமூகம் பற்றி நேருக்கு நேர் வாதிட்டார்கள். குடிமக்களுக்குத் தேர்தலும் கட்சிகளும் சந்தையும் போதும் என்ற திசையில் கிளௌஸ். தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் மக்கள் தாங்களாகவே கூடிச் செய்யும் காரியங்கள் இல்லையென்றால் ஜனநாயகம் வெறும் கூடு என்ற திசையில் ஹாவெல். பதவியில் இருக்கும் இரண்டு தலைவர்கள் ஒரு கருத்தாக்கத்தைப் பற்றி அப்படிப் பொதுவில் வாதாடியது பெரிய விஷயம்.

அதைவிடக் கடினமானது ஜெர்மானியர் விவகாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுமார் முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1978லேயே ஸ்லோவாக்கிய வரலாற்றாசிரியர் யான் ம்லினாரிக், தானுபியஸ் என்ற புனைபெயரில் அதைக் கடுமையாக விமர்சித்துப் புலம்பெயர்ந்தோர் இதழான 'ஸ்வெதெட்ஸ்வி'யில் எழுதினார். அரசு எதிர்ப்பாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஹாவெல் 1989 டிசம்பரில், குடியரசுத் தலைவர் ஆவதற்குச் சில நாள் முன்பு, நாம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். ஓட்டுக் கிடைக்கும் பேச்சில்லை அது. 2013 குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதத்தில்கூட வேட்பாளர் கரெல் ஷ்வார்ட்சென்பெர்க் அந்த வெளியேற்றத்தை இன்றைய அளவுகோலில் கண்டித்துப் பேசியதை எதிர் வேட்பாளர் மிலோஷ் செமன் தரப்பு அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது. செமன்தான் வென்றார்.

நெய்தல்

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். குந்தேராவின் 1967 மாநாட்டு உரையும், மத்திய ஐரோப்பாவின் துயரம் பற்றி அவர் 1983இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையும் 2021இல் பாரிஸில் ஒரே சிறு நூலாக வந்தன, பிறகு ஆங்கிலத்திலும் வந்தன. உக்ரைன் போருக்குப் பிறகு அது பரவலாகப் பேசப்பட்டது. சிறு தேசம் என்றால் எந்த நேரத்திலும் தன் இருப்பே கேள்விக்குள்ளாகக் கூடிய தேசம் என்று அதில் அவர் விளக்குவதைப் படித்துவிட்டு, 1968 கட்டுரைக்குத் திரும்பி வாருங்கள். கரிசல், அதற்குப் பிறகும் உங்கள் தீர்ப்பு அதேதானா?

கரிசல்வாசகன்

இரண்டையும் படித்திருக்கிறேன், நெய்தல். சிறு தேசத்தின் பயத்தைக் குந்தேரா அளவுக்கு யாரும் எழுதவில்லை, அதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். 1969 பிப்ரவரியில் அந்த மக்களுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டால் இன்னமும் ஹாவெல்தான். 1984இல் 'சாசனம் 77' வெளியிட்ட 'வரலாற்றுக்கான உரிமை' ஆவணத்தை வைத்து வரலாற்றாசிரியர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்களே, அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். பழஞ்சுவடி ஐயா, அங்கே முதல் பதிவு நீங்கள் எழுத வேண்டும்.